தெர்மாகோல் பெட்டி

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறியதிலிருந்து
மடியை விட்டு இறக்கவில்லை.
பழைய இறால் பெட்டி.
மூன்று முறை கழுவினேன், இறால் போகவில்லை.
உள்ளே ஐஸ், ஐஸுக்குள் குப்பி,
குப்பிக்குள் இளஞ்சிவப்புத் திரவத்தில்
யாரோ ஒருவரின் வலது நுரையீரல்,
புளியங்கொட்டை அளவு.
பெயர் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
வயது ஐம்பத்திரண்டு. துறைமுகத்தில் நிலக்கரி,
இருபத்தாறு வருடம்.

நான்கு மணி நேரத்துக்குள் சீவ வேண்டும்.
அதற்குப் பிறகு அது வெறும் இறைச்சி.
பேதாலஜியின் வாசலிலேயே இரண்டு போய்விட்டது.

கார் பிடிக்கலாம்தான்.
உதவித்தொகை ஐந்து மாதமாகப் பரிசீலனையில் இருக்கிறது,
டெல்லியில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு,
இந்த ஆட்டோவைவிட மெதுவாக.

காசிமேடு தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றன் வாலை ஒன்று கவ்வி நின்றன.
பத்து நிமிடம். இருபது.
பெட்டியின் மூலை சொட்டத் தொடங்கியது.
எதிரில் கூடையோடு இருந்த அக்கா பார்த்தாள்.
"இன்னா மீனு?"
மீன் இல்லக்கா. நுரையீரல்.
"ஆட்டோடதா?"
மனுசனோடது.

திடீரென்று எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.
அவள் மட்டும் நகரவில்லை.
"செத்துட்டாரா?"
இல்ல. கட்டிய எடுத்தாங்க, கூடவே ஓரத்துல
கொஞ்சம் நல்ல சதை. கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு.
"நல்லதுன்னா அத வெச்சு இன்னா பண்ணுவ?"

நேர்காணலில் ஐந்து பேர் கேட்காத கேள்வி.
அவர்கள் கேட்டது,
கல்யாணம் ஆகிவிட்டதா,
முப்பத்தைந்துக்குள் முடித்துவிடுவேனா.

சொன்னேன்.
மூச்சுப்பை கிழிந்தால்
பக்கத்திலிருக்கும் உருண்டைச் செல் ஒன்று
தன்னைத் தட்டையாக்கி, அப்பளமாய் மெலிந்து,
கிழிசலின் மேல் படுத்துக்கொள்ளும்.
சிலருக்கு அது பாதியில் நின்றுவிடுகிறது,
உருண்டையும் இல்லாமல் தட்டையும் இல்லாமல்.
அந்த இடத்தில் தழும்பு ஏறும், மூச்சு ஏறாது.
ஏன் நிற்கிறது என்று பார்ப்பதுதான்
என் வேலை, வேலை என்று சொல்லலாம் என்றால்.

லாரி ஹாரனில் எவ்வளவு கேட்டதோ.
"தண்ணியா பூட்ச்சு பார்" என்று மூடியைத் திறந்தாள்.
தன் கூடையின் அடியிலிருந்து இரண்டு கை ஐஸ் அள்ளிக்
குப்பியின் கழுத்துவரை அணைத்தாள்,
நல்ல வஞ்சிரத்தை அணைப்பதுபோல.
"பத்து ரூபா குடு."
கொடுத்தேன்.
டோல்கேட்டில் இறங்கும்போது,
"தொறந்து தொறந்து பாக்காத" என்றாள்.

மூன்று மணி நாற்பது நிமிடம்.
தேசிங்கு பிளேடு மாற்றி, கையுறை போட்டுக் காத்திருந்தான்.
அவன் ஒப்பந்தமும் மார்ச்சோடு முடிகிறது.
பேசாமல் சீவினோம்.
மெல்லிய வில்லைகள், ஒவ்வொன்றிலும் கரும்புள்ளிகள்,
எண்ணூர் நெடுஞ்சாலையின் வரைபடம்போல.
என்னுடையதைச் சீவினாலும் இருக்கும்.
நான் கொருக்குப்பேட்டை.

இரவு பதினொன்று.
நுண்ணோக்கியில் ஒரு மூச்சுக்குழலின் விளிம்பு,
அதில் மயிரிழைகள்
இன்னும் அடித்துக்கொண்டிருந்தன.
உடம்பைவிட்டு வந்து எட்டு மணி நேரம் ஆகிறது.
தொண்டை இல்லை, இருமல் இல்லை,
அவை பாட்டுக்குத் தூசியை
மேலே, மேலே தள்ளிக்கொண்டிருந்தன.

தேசிங்கைக் கூப்பிட்டேன்.
நெடுநேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
டிபன் பாக்ஸைத் திறந்து
பாதி லெமன் சாதத்தை என் பக்கம் ஒதுக்கினான்.

செலவுக் கணக்கில் எழுதினேன்:
ஐஸ், பத்து ரூபாய்.
திரும்பி வந்தது.
ரசீது இணைக்கவும், விற்றவர் பெயர் குறிப்பிடவும்.
கேட்கவே இல்லை நான்.
செவ்வாய்க்கிழமை இன்னொரு அறுவை இருக்கிறது,
அதே ஆட்டோ, அதே நேரம்.