எட்டரை மணிக் கணக்கு

மஞ்சக்குப்பம் பிரிவு அலுவலகத்தின் பின்னால்
சைக்கிள் ஷெட்டுக்கும் ஓடாத ஜீப்புக்கும் நடுவே
கம்பிவேலிக்குள் நிற்கிறது மழைமானி.
சின்னப் பூட்டு. சாவி என் மணிபர்ஸில்,
சபைச் சந்தா அட்டையோடு.

தினம் காலை எட்டரை.
வண்டிப்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து
கெடிலம் பாலம் ஏறி இறங்கி
பூட்டைத் திறந்து, புனலைத் தூக்கி,
குப்பியில் இருப்பதை அளவுக்குழலில் ஊற்றி
கண்ணுக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கி,
நீரின் அடிவளைவு தொடும் கோட்டைப்
பதிவேட்டில் எழுத வேண்டும்.
கையெழுத்து: மெ. ஞானதீபம்.
தொகுப்பூதியம். ஞாயிற்றுக்கும் லீவு இல்லை.

மாசியிலிருந்து ஆனி வரை பெரும்பாலும்
ஊற்ற ஒன்றும் இருக்காது.
குப்பிக்குள் ஒரு சிலந்தி. சிலநாள் அதுவும் இருக்காது.
0.0
0.0
0.0
"சைபர் போடவா இவ்வளவு தூரம் வர்றீங்க?" என்பார்
வாட்ச்மேன் தணிகாசலம்.
"வானத்தைப் பார்த்து வீட்டிலேயே போட்டுக்கலாமே."

பெருவெள்ளத்து வருஷம் முழங்கால் தண்ணீரில் வந்தேன்.
அன்று எல்லாருக்கும் என் எண் வேண்டியிருந்தது.
கலெக்டர் ஆபீஸ் போன். பத்திரிகை போன்.
வில்வநாதன் சார் எனக்கு டீ வாங்கித் தந்தார்.
ஒன்று சொல்லட்டுமா,
அன்று உண்மையாயிருப்பதில் சிரமமே இல்லை.
இடியே எழுப்பிவிடும்.

எழுப்ப ஆளில்லாத நாளாக வந்தது ஈஸ்டர்.
நாலரை மணிக்கு ஆராதனை,
அப்புறம் சபையாரோடு இட்லி,
மதியம் நாத்தனார் குடும்பம், மூன்று கிலோ கறி.
சனிக்கிழமைக் கணக்கை எழுதியபோதே
அடுத்த வரியையும் எழுதிவிட்டேன்.
0.0. கையெழுத்து.
வராத காலையை வந்ததாக.

உயிர்த்தெழுந்தார் என்று நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மழை பெய்திருக்கிறது.
இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை.
திங்கட்கிழமை குப்பியைத் தூக்கினேன்.
லேசாகக் கனத்தது.
2.4
"நேத்து விடியக்காலைல ஒரு தூத்தல்,
என் பாய் நனைஞ்சுபோச்சு" என்றார் தணிகாசலம்.

பதிவேட்டில் ரப்பர் வைக்கக் கூடாது.
அடித்துவிட்டு மேலே சரியானதை எழுத வேண்டும்.
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
பார்க்காமல் எழுதினேன், என்று எழுதினேன்.
காது சுட்டது.

வில்வநாதன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"ரெண்டு மில்லிமீட்டருக்கா அம்மா இவ்வளவு?
எழுத்துப்பிழைன்னு போட்டா முடிஞ்சுதே."
எழுத்துப்பிழை இல்லை சார் என்றேன்.
அதற்குமேல் என்னிடம் வார்த்தை இல்லை.
ஒரு மெமோ வந்தது. ஃபைலில் இருக்கிறது.

அந்த வாரம் முழுக்க ஒருவனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
நம் துறைமுகத்தில் ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும்,
வலை நிறைந்து கரை சேர்ந்தால்
யாருக்கும் நிதானம் இருக்காது.
அன்று திபேரியாக் கரையில்
செத்துப் பிழைத்தவர் நிற்கிறார்,
கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டுக்கொண்டு.
ஒருவன் சட்டையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறான்.
அந்தக் கலவரத்திலும் யாரோ ஒருவன்
குனிந்து எண்ணியிருக்கிறான்.
நூற்றைம்பது சொச்சம் என்று விடவில்லை.
நூற்றைம்பத்து மூன்று.
அவன் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை.
எண் நின்றுவிட்டது.
சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டவர்
அவன் எண்ணி முடிக்கும்வரை
மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

இன்று வைகாசி பதினாறு.
வெயில் பாலத்திலேயே பிடித்துக்கொண்டது.
புனலில் ஒரு காக்கை இறகு. எடுத்துப் போட்டேன்.
குப்பியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.
ஒன்றும் இல்லாததையும்
அப்படித்தான் பிடிக்க வேண்டும்.
0.0
தணிகாசலம் சிரித்தார்.
கையெழுத்துப் போட்டு
மை உலரும்வரை
பதிவேட்டை மூடாமல் நின்றேன்.