ரசமட்டம்

கிருனாவில் ஒரு கூடத்தில்
ஒன்பது பேரின் படைப்புகளை மாட்டினேன்.
பழைய தீயணைப்பு நிலையம் அது.
கண்காட்சி முடிந்த மறுவாரம் இடிக்கிறார்கள்.
அதனால் இம்முறை
ஆணித் துளைகளை அடைக்க வேண்டாம் என்றார்கள்.
அந்தச் சலுகை இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

வாசலில் சுவரொட்டி:
சாமி மக்களின் வளர்ந்துவரும் கலைஞர்கள்.
இஸ்ஸாத் அதைப் படித்துவிட்டு
தேய்ந்த முட்டியைத் தடவிக்கொண்டான்.
நாற்பத்தாறு வயது.
இனி எந்தப் பக்கம் வளர, வெய்க்கோ,
அகலத்திலா?

என் தொழிலுக்கு ஒரு விதி உண்டு.
சட்டகத்தின் நடுப்புள்ளி
தரையிலிருந்து நூற்றைம்பது சென்டிமீட்டர்.
நின்று பார்ப்பவரின் கண்மட்டம்.
யாருடைய கண் என்று நான் கேட்டதில்லை.
காட்ஜா கேட்டாள்.
அவளுடைய பன்னிரண்டு புகைப்படங்களும்
அறுபதில் தொங்க வேண்டும்.
ரயில் பாதையோரம் நிற்கும்
கலைமான் கன்றின் கண் அது,
தாதுவண்டி வரும் திசை பார்த்து.

திறப்பு விழாவில் நகராட்சி உறுப்பினர்
கையில் கோப்பையோடு குனிந்தார்.
இடுப்பு ஒத்துழைக்கவில்லை.
கோப்பையைத் தரையில் வைத்து மண்டியிட்டார்.
நான்காவது படத்தில்
விளக்கு மட்டும்தான் இருக்கிறது,
வண்டி இன்னும் வரவில்லை.
அங்கேயே இருந்தார்.
எழுந்தபோது காற்சட்டை முட்டியில்
நான் கூட்டாமல் விட்ட சுண்ணாம்புத் தூள்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
காட்ஜாவும் கேட்கவில்லை,
வாய் நிறைய இறால் ரொட்டி.

எல்லே-சுன்னாவுக்குப் பின்னறை.
உத்திரத்திலிருந்து ஒரு நூல்,
நூல் முனையில் பென்சில்,
பட்டும் படாமலும் கீழே ஒரு தாள்.
அவ்வளவுதான்.
இது எப்போது வரையும் என்றேன்.
இரவு ஒன்றேகாலுக்கு, என்றாள்.
உனக்குத் தெரியாதா?

தெரியும்.
ஊருக்கே தெரியும்.
அந்நேரம் கீழே வெடிப்பார்கள்,
படுக்கை ஒருமுறை தோளைத் தட்டும்,
புரண்டு படுப்போம்.
எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.
பத்தொன்பது வருடம்
பாறைத் துளைகளில் மருந்து திணித்தவன் நான்.
ஒரு காது போன பிறகு
ரசமட்டத்துக்கு வந்தேன்.

பெயரட்டைக்கு அவள் எழுதித் தந்தது:
பென்சில், நூல், தாள், இரவுப் பணியாட்கள்.
கடைசிச் சொல் பிழையோ என்று
அச்சகத்திலிருந்து கேட்டார்கள்.
பிழையில்லை என்று
யாரையும் கேட்காமல் நானே சொல்லிவிட்டேன்.

தினமும் காலையில் கூடம் முழுக்க
எல்லாம் ஒரு நூலிழை சாய்ந்திருக்கும்.
ஏணி, ரசமட்டம், குமிழி,
அடுத்த சுவர்.
பனிவண்டி இருக்கைகளின் தோலை உரித்து
இஸ்ஸாத் தைத்த பெரிய வரைபடம்தான்
அதிகம் சாயும்.
அதில் பழைய ஊரும் இல்லை,
நகர்த்திக் கட்டிய புது ஊரும் இல்லை.
இதை மட்டும் விடு, என்பான்,
சாய்ந்தால்தான் வடக்கு சரியாக வருகிறது.

கடைசி இரவு சாவி என்னிடம்.
பின்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
இருபத்துமூன்று இரவுகள் தாளில்,
மயிர்க்கோடுகளாக, ஒன்றன்மேல் ஒன்று,
நடுவில் கரி ஏறித் தாளே மினுங்கியது.

ஒன்றேகால்.
கேட்பதற்கு முன் பாதத்தில் வந்தது.
பென்சில் எள்ளளவு நகர்ந்தது,
தயங்கியது,
ஏழு முறை நடுங்கித் திரும்பியது.
ஏழு துளை, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு.
எவனோ நிதானமானவன்
திணித்திருக்கிறான்.
என்னைவிட நன்றாகவே.

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து
சுவரில் அல்ல,
தரையில் வைத்தேன்.
குமிழி போயிற்று, வந்தது, போயிற்று.
நடுவில் நிற்கட்டும், கிளம்பலாம் என்று இருந்தேன்.
மூன்று மணிக்குத் தெருவில்
பனிவாரும் வண்டி கடந்தது.
குடுவையில் காப்பி தீர்ந்திருந்தது.