கொடி

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாவது ஷிஃப்ட்.
டிராயிங்கில் ஓர் அம்பு
மூட்டைத் தொட்டு நிற்கிறது.
கோட்டுக்குக் கீழே முக்கோணம் என்றால் அம்பு தொடும் பக்கம்,
மேலே என்றால் மறுபக்கம்;
கழுத்தை ஒடித்துத்தான் பார்க்க வேண்டும்.
ஆறு என்றால் ஆறு மில்லிமீட்டர்.
எட்டு போட்டால் ரோசலின் மேடம்
கேஜை வைத்துப் பார்த்துவிட்டு
"ராடு உங்கப்பன் வீட்டுதா?" என்பார்.
கோடு மடங்கும் முழங்கையில் சின்ன வட்டம்:
சுற்றி வா, தொடங்கின இடத்திலேயே முடி.

எல்லாம் சரியாகத்தான் படித்தோம்,
நானும் தாவூதும். மூன்று நாள்.
கண்ணுக்குள் மணல்.

அதே முழங்கையில் குட்டியாய் ஒரு கொடி.
யாரோ பேனா உதறியது என்று விட்டுவிட்டோம்.

கொடி என்றால்
இங்கே பற்றவைக்காதே,
எண்ணூருக்குக் கொண்டுபோய்
நிறுத்திவிட்டுப் பற்றவை.

கேட்டு பதினான்கு அடி.
எங்கள் சட்டகம் பதினாறு.
லாரிக்காரர் ஒரு பீடியைப் பற்றவைத்து
கேட்டைப் பார்க்கிறார்,
பிறகு எங்களை.

ரோசலின் மேடம் மூட்டை விரலால் தடவுகிறார்.
ஒரு துளை இல்லை. ஓரம் எங்கும் அரிக்கவில்லை.
"இந்த வருஷம் இப்படி ஒரு வெல்டு பார்க்கலப்பா"
என்கிறார்,
கிரைண்டரை என் கையில் கொடுத்தபடி.