மரக்கால்

இடது முழங்காலை மடக்கிப்
பின்தொடையோடு சேர்த்து
இறுக்கிக் கட்டுவான் என் மைத்துனன்.
பல்லைக் கடித்துக்கொள் என்பான்.
அரை நாழிகையில் மரத்துவிடும்.
பிறகு நான் நொண்டி.

அதுதான் பிழைப்பு.
தை அறுப்பு முடிந்த களத்தில்
இலுப்பை எண்ணெய்ப் பந்தம் இரண்டு,
மத்தளத்துக்கு ஒருவன், ஜால்ராவுக்கு மைத்துனன்,
மீதியெல்லாம் என் தொண்டை.

"நான் திருடினேன்" என்று தொடங்க வேண்டும்.
குண்டுமணி எடுத்தவனில்லை நான்.
ஆனாலும் அந்த 'நான்' வாயில் ஏறியதும்
சனம் முன்னால் நகர்ந்து உட்காரும்.
தாசி வீட்டில் தொலைத்த பணத்துக்கு நாக்கு ஊறும்.
பாளையத்து லாயத்தில் குதிரைக்குப் பதுங்கும்போது
யாரும் இருமுவதில்லை.
தீர்ப்புச் சொல்லும் துரையும் நானே,
குரலை அடிவயிற்றுக்கு இறக்கினால் போதும்.
வெட்டு என்பதும் இதே தொண்டை,
வெட்டாதே என்பதும் இதே.
அப்புறம் அந்த ஐயோ:
மேலே தொடங்கி, நடுவில் உடைத்து,
ஆற்றங்கரை நாய்கள் எதிர்க்குரல் கொடுக்கும் மட்டும் இழுப்பேன்.
அதற்காகவே வெற்றிலையில் பணம் வைப்பார்கள்.
கடைசியில் சுவாமி அருள்வார்,
மைத்துனன் முடிச்சை அவிழ்ப்பான்,
கால் முளைத்துவிடும்.
சுபம்.

வலங்கைமானில் அப்படி முளைத்த ராத்திரி
குடமுருட்டியில் அரிதாரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
பின்னால் தட், தட் என்று மண்ணில் ஊன்றும் சத்தம்.
பூவரசங் கட்டை ஒன்றை
முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டியிருந்தான்.
"கூத்து நல்லா இருந்துது."
பெயர் வீராண்டி என்றான்.
குதிரையா என்று கேட்க நாக்குத் துடித்தது.
அவனே சொன்னான்:
"நெல்லு. ஒரு மரக்கால்.
கூட நின்னு அளந்தவனே சாட்சி சொன்னான்."
சொல்லிவிட்டுத் தன் கட்டையைப் பார்த்தான்,
சொல் ஒன்றாக இருப்பதை
அப்போதுதான் கண்டவன்போல.
அல்லது ஆயிரம் முறை கண்டு சலித்தவன்போல.
இருட்டில் தெரியவில்லை.

வந்த காரியத்தை அப்புறம் சொன்னான்.
"அந்த ஐயோ.
நான் அப்படிக் கத்தலை.
சத்தமே வரலை.
மடையோரம் ஒரு கொக்கு நின்னுது,
அதையே பாத்துக்கிட்டிருந்தேன்.
அது பறக்கக்கூட இல்லை."

காசு கேட்கவில்லை.
தட், தட், கரையேறிப் போனான்.
எண்ணிப் பார்த்தேன்,
நொண்டிச் சிந்தின் தாளம் அதில் இல்லை.

மறுநாள் பாபநாசம்.
வெட்டு விழும் இடம் வந்தது.
வாயைத் திறந்தேன். மூடினேன்.
பந்தம் சடசடத்தது.
மத்தளக்காரன் ஒரு முத்தாய்ப்பு வைத்தான்,
தவித்து இன்னொன்று வைத்தான்.
"பாட்டை மறந்துட்டான்டா!"
மடை உடைந்ததுபோல் சிரிப்பு.
இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி மட்டும்
சிரிக்காமல் எழுந்து போனாள்.
அவள் ஏன் போனாள் என்று இன்னும் யோசிக்கிறேன்.
மிராசுதார் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்.
"வாயால பிழைக்கிறவன் வாயை அடைச்சா
தண்ணி வராத வாய்க்கால்தான்."
நியாயம்.

ஐயம்பேட்டையில் கத்தினேன்.
முன்னைவிட நீளமாகவே.
வீட்டில் நாலு வயிறு.
வெற்றிலை நிறைந்தது, நாய்கள் பதில் சொல்லின.
தொண்டையில் மட்டும் ஓர் உமி ஒட்டி நின்று
யாரைக் கேட்டு எடுத்தாய் என்றது.
இரண்டு மிடறு தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை.
சுவாமி அருளினார்.

முடிச்சு அவிழ்ந்தது.
மரத்துக் கிடந்த கால்
ஊசி ஊசியாய்க் குத்திக்கொண்டு
எனக்குத் திரும்பி வந்தது,
தினமும் வருவதுபோல்.
தேய்த்துவிட்டபடி மைத்துனன் கேட்டான்:
"இந்நேரம் அம்மா அம்மான்னு அலறுவியே,
வலிக்கலியா இன்னிக்கு?"
களத்தைத் தாண்டி வயல்.
இருட்டில் கொக்கு ஏது.
அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.