மறுப்புக் கடிதத்தில் எழுதாதவை

பயிற்சியாளர் ஆன்சி அவர்களுக்கு
மூன்றே வரியில் அனுப்பிவிட்டேன்:
நன்றி, மன்னிக்கவும், இப்படிக்கு தெஷ்னி மூடலி.
மிச்சமெல்லாம் இங்கே,
சாட்ஸ்வொர்த்தில், மின்வெட்டுக்கு நடுவே
கைப்பேசி வெளிச்சத்தில்.

உங்கள் மைதானங்கள் பன்னிரண்டு. எண்ணினேன்.
நீலத் தரை. ஒரு விரிசல் இல்லை.
எங்கள் நகராட்சி மைதானத்தில்
பேஸ்லைன் ஓரம் ஒரு கொத்துப் புல்.
பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று
எனக்கும் ஸாமாவுக்கும்தான் தெரியும்.
வெளியூர்க்காரிகள் பாதிப் பேரை
அந்தப் புல்தான் தோற்கடித்தது.
இதை எழுதவில்லை.

அம்மா மருந்துக்கடை நாட்காட்டியின் முதுகில்
கோடு கிழித்து வைத்திருந்தாள்.
பிரிட்டோரியா, கேப் டவுன், டர்பன்.
விடுதி, சாப்பாடு, ராக்கெட் நரம்பு,
வருஷத்துக்கு எத்தனை ஜோடி ஷூ.
கடைசியில் 'படிப்பு' என்று எழுதி
மூன்று கட்டத்தையும் காலியாக விட்டிருந்தாள்.
அதை எத்தனை ராண்ட் என்று போடுவது?

மெர்பேங்க் பக்கமிருந்து காற்றடித்தால்
மூன்றாவது செட்டில் எனக்கு இழுக்கும்.
பையில் துண்டு, வாழைப்பழம், இன்ஹேலர்.
அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று
யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்து
பதினெட்டு வயதாகிவிட்டது.
வேதிப் பொறியியல் அதற்காகத்தான்.
பெரிய லட்சியம் என்று நினைக்காதீர்கள்,
மூச்சு விடுகிற விஷயம்.

"செவ்வாய், வியாழன் மதியம்
ஆய்வுக்கூடம் இருந்தால்?" என்றேன்.
சிரித்தீர்கள். கெட்ட சிரிப்பு அல்ல.
"எங்கள் பெண்கள் பெரும்பாலும்
விளையாட்டு மேலாண்மை எடுப்பார்கள்.
நேரம் ஒத்துவரும்."

நேரம் ஒத்துவரும்.
பேருந்தில் ஒன்பது மணி நேரம்
அந்த வாக்கியம் என் பக்கத்து இருக்கையில் வந்தது.
ஹாரிஸ்மித்தில் தேநீருக்கு இறங்கினேன்,
அதுவும் இறங்கியது.

உங்கள் முதல் ஆட்டக்காரியோடு பேசச் சொன்னீர்கள்.
பேசினேன். தங்கமான பெண்.
ஆனால் நான் தேடிப்போனது ஆறாவதாக ஆடுகிறவளை.
உடைமாற்றும் அறைக்குப் பின்னால்
மரீக்கே பனிக்கட்டிப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.
தோள் கிழிந்த வருஷம்
உன் கட்டணத்தை யார் கட்டினார்கள், என்று கேட்டேன்.
அவள் குனிந்து
அவிழாத ஷூ நாடாவை
மறுபடி கட்டினாள்.

இங்கே டர்பனில் மைதானம் நாலு.
ஒரு விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருக்கும்.
வேலியில் குரங்குகள்,
புதுப் பந்தாகப் பார்த்து எடுத்துப் போகின்றன.
காலை ஐந்தரைக்குப் பயிற்சி,
ஏனென்றால் எட்டுக்கு எல்லோருக்கும் வகுப்பு.
ஆறாவது ஆட்டக்காரி கெருஷா,
கைச்சட்டையில் அமிலம் தின்ற ஓட்டை.
அதே கேள்வி.
"முழங்கால். இரண்டு பருவம் ஆடவில்லை.
ஓரமாய் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினேன்.
உதவித்தொகை நிற்கவில்லை" என்றாள்,
நேரமாகிவிட்டது என்று ஓடினாள்,
லேசாக நொண்டிக்கொண்டு.

தைரியம் என்றெல்லாம் இல்லை.
இரவில் உங்கள் நீலத் தரை வருகிறது,
அதில் பந்து எழும்பும் சத்தத்தோடு.
இருபத்திரண்டு வயதில் என் பெயர்
தரவரிசைத் தாளின் எந்தப் பக்கத்திலும்
இல்லாமல் போகலாம்.
அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்து
எதையும் கேட்காமல்
நரம்பு மாற்றக் காசு வைத்துவிட்டுத் தூங்கினார்.
அதிலிருந்து அவர் மனசில் எது என்று
இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸாமா உங்களிடம் வருகிறாள்.
ஜனவரியில், ஒரே பெட்டியோடு.
அவளுக்கு அந்தப் பன்னிரண்டும் போதாது, பாருங்கள்.
அவள் பேக்ஹேண்டைத் திருத்தாதீர்கள்,
பார்க்கத்தான் கோணல்.
தோற்ற அன்று பேச்சுக் கொடுக்காதீர்கள்,
ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

பல்கலைக்கழகப் போட்டியில் ஒருநாள்
வலைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன்.
முப்பது–நாற்பதில், பயந்தால்,
அவளுடைய இரண்டாவது சர்வ்
எங்கே விழும் என்று
எனக்குத் தெரியும்.

இதையும் எழுதவில்லை.