பீ-1 என அடையாளமிடப்பட்டது

சேவிசுக்கு விட்ட காரைத் திரும்ப எடுக்கையில்
சீற் இரண்டு பல் பின்னால் போயிருந்தது.
என் கால் பிரேக்கைத் தேடியது.
பின்கண்ணாடியில் வீதி இல்லை, கூரைதான்.
மிதியடியில் ஒரு பிடி கடல்மணல்,
ரேடியோவில் நான் கேட்காத ஸ்டேசன்.
பில்லில் எழுதியிருந்தது:
வீதிப் பரிசோதனை, மூன்று கிலோமீற்றர்.
மீற்றர் சொன்னது: அறுபத்தொன்று.

பதினெட்டு வருசம் நான்
மட்டக்களப்பு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர்.
கோபப்பட முதல் குறிப்பெடுத்தேன்.

இரவு கார்டை உருவி மடிக்கணினியில் போட்டேன்.
ஜப்பானிலிருந்து காரோடு வந்த கமரா அது,
இந்த ஊரில் எவருக்கும் விளங்காத மொழியில்
ஏதோ பணிவாகச் சொல்லித்தான் கண் விழிக்கும்.
10.52. திருமலை வீதி. கேற் திறக்கிறது.
கல்லடிப் பாலம் ஒரே மூச்சு.
காத்தான்குடிப் பேரீச்சைகள்
ஒன்றன்மேலொன்று சரிகின்றன.
ஆரையம்பதி தாண்ட நூற்றுப் பன்னிரண்டு.
முகமில்லை, குரல்கள் மட்டும்:
"டனோஜன், மெதுவாடா."
"மிஸ் இத நாப்பதுக்கு மேல ஓடியே இரிக்கமாட்டா மச்சான்.
பாவம், எஞ்சினுக்கும் ஆசை இரிக்கும்தானே."

சிரிக்கிறார்கள்.
நாற்பது என்பது உண்மை. அதுதான் சுட்டது.

களுதாவளைக் கடற்கரையில் கதவு திறக்கிறது.
அரைமணி நேரம் அலை மட்டும்.
மறுகா களுவாஞ்சிகுடி.
"கிறுகுடா, மனேஜர் வரமுந்திப் போவணும்."

அந்தத் துண்டை மட்டும் வெட்டி
பென் டிரைவில் கொண்டுபோனேன்.
மனேஜர் அருள்நேசன் குளிரூட்டியைக் கூட்டினார்.
"இது வெட்டின வீடியோ மிஸ்.
முழுக் கார்டும் தந்தால்தான் கொழும்புக்கு அறிவிக்கலாம்."
இந்த ஆட்சேபனையை நூறு தரம் தட்டியிருக்கிறேன்.
சட்டத்தில் அவர் சொன்னது சரி.

முழுக் கார்டு என்றால்
நானும் அதற்குள் கிடக்கிறேன்.
கோர்ட் விட்டு வீடு போகும் இருபது நிமிடம்
கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கதைப்பேன்.
வேறெங்கும் கதைப்பதில்லை.
சட்டத்தரணிகளுக்கு ஏசுவேன்,
ஐயாவைப்போல் கனைத்துப் பார்ப்பேன்.
ஆறேகால் லட்சம் முற்பணம் கட்டி லீசிங்கில் எடுத்தது
காரை அல்ல, அந்த இருபது நிமிடத்தைத்தான்.
அதற்குள் இரண்டு பொடியன்கள்
பொரித்த கணவாய் தின்றிருக்கிறார்கள்.

கார்டைக் கொடுத்தேன்.

புது மொடல் கார்கள் சுழலும் பெரிய திரையில் போட்டார்கள்.
பொடியன்களையும் கூப்பிட்டார்கள், நகமெல்லாம் கிரீஸ்.
மனேஜரின் விரல் ஒரு நாள் தவறிப் பட்டது.
மழையில்லாத வீதியில் வைப்பர் ஓடுகிறது,
அப்பால் வாவி, ஒரு தோணி,
ஷோரூம் முழுக்க என் குரல்:

"அந்தப் புள்ள அப்பிடிச் சொல்லல்ல ஐயா.
பயந்துதான் போனேன் எண்டு சொன்னா.
விரும்பித்தான் போனேன் எண்டு நீங்க சொல்லித் தந்தீங்க.
நான் அடிச்சன்."

மனேஜர் ரிமோட்டைத் தேடினார்.
"விடுங்க," என்றேன், "முழுக் கார்டும் கேட்டீங்கதானே."
வைப்பர் போய் வந்தது, போய் வந்தது.
சிவப்பு விளக்கு பச்சையாகியும் கார் அசையவில்லை,
பின்னால் யாரோ ஹோன் அடிக்கிறார்கள்.

அறுபத்தொரு கிலோமீற்றருக்கு
ஒரு ஒயில் மாற்றம் இலவசம் என்று தீர்ந்தது.
கையெழுத்து வைத்தேன்.
வாசலில் டனோஜன் நின்றான்.
மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பான்,
வாயில் வந்தது வேறு:
"மிஸ், அந்தக் கேஸ் மறுகா என்ன ஆனது?"

சீற்றை இரண்டு பல் முன்னால் இழுத்தேன்.
சாவியைத் திருப்ப, கமரா ஜப்பானில் ஏதோ சொன்னது.
கண்ணாடிகளை ஏற்றவில்லை.
வழக்கிலக்கத்தைச் சொன்னேன், திகதியைச் சொன்னேன்,
சுருக்கெழுத்துத் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல்
மெதுவாக,
ஒவ்வொரு எழுத்தாக.