மூன்றாம் பங்கு

கடற்காற்று இன்னும் கிழக்கிலிருந்துதான் வருகிறது.
நல்லது.
கம்ப்ரஸரின் மூச்சுக்குழாயைத்
தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கிறோம்,
அதன் புகை அதற்குள்ளேயே போய்விடாதபடி.
கொட்டிவாக்கத்து மொட்டை மாடி. இரவு ஒன்பதே கால்.
வாட்ச்மேன் பராங்குசம் இரண்டாம் முறை ஏறி வந்து கேட்கிறார்:
"வெறும் காத்த அடைக்கவா சார் இவ்ளோ சத்தம்?"

வெறும் காற்றுதான்.
இரண்டாம் மாடியின் வஞ்சிரம் வறுவலை வடிகட்டிவிட்டு
மீதிக் கொட்டிவாக்கத்தை
இருநூற்றுப் பத்து பார் அழுத்தத்தில்
சிலிண்டருக்குள் திணித்துக்கொண்டிருக்கிறோம்.
வெள்ளிக்கிழமை, எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்,
பாறைக்கு அடியில், தண்ணீருக்கு அடியில்,
இந்தத் தெருவைத்தான் அவர்கள் சுவாசிப்பார்கள்.

நஸீமா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து
வெள்ளை நைலான் நூலில்
மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு போடுகிறாள்.
முப்பத்தொன்றாவதில் அம்மாவின் ஃபோன்.
"பெங்களூர்ல கான்ஃபரன்ஸ்மா. ஆமா, ஏசி ஹால்தான்."
வைத்த பிறகு எண்ணிக்கை மறந்திருந்தது.
ஒன்றிலிருந்து தொடங்கினாள்,
யாரையும் பார்க்காமல்.

பெர்க்மான்ஸ் ரப்பர் வளையங்களை
ஒவ்வொன்றாக டார்ச்சுக்கு முன்னால் இழுத்துப் பார்க்கிறான்.
பாரிமுனையில் டஜன் கணக்கில் வாங்கியவை.
ஒன்றில் மயிரிழைக் கீறல்.
"இதுலதான் ஆள் போவான்" என்றான்,
சாம்பாரில் உப்பு குறைவு என்பதுபோல.
மாடிச் சுவருக்கு வெளியே சுண்டி எறிந்தான்.

என் வேலை எழுதுவது.
சிலிண்டர் கழுத்தில் டேப் ஒட்டி
ஆக்சிஜன் அளவு, தேதி, பெயர்.
போக ஒரு பங்கு.
வர ஒரு பங்கு.
மூன்றாம் பங்கு உன்னுடையதல்ல;
உன் பின்னால் வருகிறவன் மூச்சு தீர்ந்து
உன் தோளைத் தட்டும்போது கொடுப்பதற்கு.
மூவருக்குச் சொல்லிக்கொடுத்தவை எல்லாம்
எனக்கும் மனப்பாடம்.
இடது செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்
முழங்கால் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது என்று
எழும்பூர் டாக்டர் சொன்ன நாளிலிருந்து
என் கையெழுத்து அழகாகிவிட்டது.

பதினொரு மணிக்கு இருட்டுப் பயிற்சி.
தொட்டி, டிஷ் ஆன்டெனா, ஏசி பெட்டி,
கொடியில் மறந்துபோன யாருடையதோ புடவை
எல்லாவற்றையும் சுற்றி வேதமூர்த்தி நூல் கட்டினான்.
முகமூடிக் கண்ணாடிகளில் கறுப்பு டேப்.
மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து
நூலை விரலால் மட்டும் படித்தபடி நடந்தார்கள்.
பேசக்கூடாது.
இடையில் எங்காவது அதை வெட்டிவிடுவதும்
என் வேலைதான்.

வெட்டினேன்.

முன்னால் இருந்தவள் நின்றாள்.
மணிக்கட்டுச் சுருளில் இருந்து வேறு நூலை உருவி
ஏசி பெட்டியில் கட்டிவிட்டுக்
கை நீட்டிக் காற்றைத் துழாவினாள்.
புடவை தட்டுப்பட்டது. இல்லை, அது இல்லை.
நான் அறுந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிப்பாள் என்று
செகண்டுகளை எண்ணியபடி.
அவள் போய்க்கொண்டிருந்த பக்கம்
கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான்
என்பதை நான் எண்ணவில்லை.

பராங்குசம் எண்ணியிருக்கிறார்.
செருப்பைக் கழற்றிவிட்டு
ஓசையில்லாமல் போய்
அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார்.
அவளுடைய விரல்கள் அவருடைய சட்டைப் பித்தானைத் தொட்டு
சற்றே குழம்பி
வேறு திசைக்குத் திரும்பின.
இரண்டு நிமிடம் பத்து செகண்டில்
அறுந்த முனை கிடைத்தது.
டேப்பை உரித்துவிட்டு "அங்க ஏதோ தூண் இருக்கு" என்றாள்.
அங்கே தூண் இல்லை.
நான் சொல்லவில்லை. அவரும்.

இரண்டரை மணிக்கு வேன் கிளம்பியது.
பழைய பயிற்சி சிலிண்டர் ஒன்று மட்டும்
யார் பெயரும் இல்லாமல் மூலையில் மிச்சம்.
பராங்குசம் தலையைச் சொறிந்தார்.
"மீந்த காத்து இருந்தா சைக்கிளுக்கு...
பின் சக்கரம் ரெண்டு நாளா."

கேட்டடியில் குந்தி உட்கார்ந்து
குழாயைப் பொருத்தி
வால்வை நூலளவு திறந்தேன்.
கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார்.
"இன்னும் கொஞ்சம்" என்றார்.